மாமாவின் காலும் மதுரைப் பாதமும்

என் பெரிய மாமாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. அறுபதுகளின் நடுவில், நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். திருநள்ளாறு பக்கத்துக் கிராமம். சொந்தமாகச் சில மா நிலம், மீதி குத்தகை. வரப்பு வெட்ட, நாற்றுப் பறிக்க, கருவேல முள்ளை வெட்டி வேலி கட்ட, எல்லாவற்றுக்கும் வெறுங்காலோடு போனவர். அந்தக் காலத்தில் வயலுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போனால் ஊரே சிரிக்கும்.

வேலி கட்டும்போது ஒருநாள் உள்ளங்காலில் முள் குத்தியது. ஊசியால் நெம்பி எடுத்துப் போட்டுவிட்டு மறந்துவிட்டார். ஒரு வருஷம் கழித்து அந்த இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. வலி கிடையாது. வலித்திருந்தால் உடனே வைத்தியம் பார்த்திருப்பார்கள். வலிக்காததால் வருஷக்கணக்கில் விட்டுவிட்டார்கள். பாதம் மெல்ல மெல்லப் பருத்தது. அப்புறம் அங்கங்கே சிறு சிறு வாய் வைத்துச் சீழ் வடிந்தது. ஒரு வாய் மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். கட்டுத்துணியை மாற்றுவது என் அம்மாவின் வேலை. "ரவை ரவையா உதிருதுடா தம்பி" என்று என்னிடம் அம்மா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஊரில் ஆனைக்கால் என்றார்கள். பற்றுப் போட்டார்கள், பச்சிலை கட்டினார்கள், மந்திரித்தார்கள். கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில், எலும்பு வரை இறங்கிவிட்டது, காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள். மாமா அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு வரப்பில் நின்று ஆட்களை விரட்டுவார். ஆனால் அவர் காலைக் கொண்டுபோன நோய்க்கு என்ன பெயர் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் பெயர் எனக்குத் தெரியவந்தது தொண்ணூறுகளில். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். 'மதுரா ஃபுட்'. மதுரைப் பாதம். மதுரை என்றால் நமக்கு மீனாட்சியம்மனும் மல்லிகைப்பூவும் நினைவுக்கு வரும். சூடானிலும் மெக்சிகோவிலும் உள்ள டாக்டர்களுக்கு மதுரை என்றால் இந்தக் கால்தான்.

1842இல் மதுரை மருந்தகத்தில் வேலை பார்த்த கில் என்ற ஆங்கிலேய டாக்டர், இது தனியான ஒரு நோய் என்று அறிக்கையில் எழுதினார். நான்கு வருஷம் கழித்து, 1846இல், அங்கேயே இருந்த கோல்புரூக் அதை உறுதி செய்தார். மதுரைப் பாதம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நோய் அதற்கு முன்பே இருந்ததுதான். சுசுருதரின் பழைய வடமொழி மருத்துவ நூலில் 'வல்மீகம்' என்று ஒரு நோய் வருகிறது. வல்மீகம் என்றால் புற்று, கரையான் புற்று. வால்மீகி முனிவரின் பெயரில் இருக்கும் அதே சொல். பல வாய்கள் திறந்து மேடாக எழும்பியிருக்கும் பாதத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் வைக்க முடியாது.

பிரெஞ்சு இந்தியாவிலும் இந்தக் காலைப் பார்த்திருக்கிறார்கள். 1860களின் தொடக்கத்தில் பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் கொலா இதைப் பற்றி எழுதினார். அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், 'பாத எலும்புகளின் வட்டாரச் சீரழிவு' என்று வரும். எலும்பு அரித்துப்போவதை அவர் பார்த்திருக்கிறார். எது அரிக்கிறது என்பது அந்தப் பெயரில் இல்லை.

அதைத் தேடியவர் பம்பாயில் இருந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர். டாக்டர்கள் வீட்டு அலமாரியில் 'கிரேஸ் அனாட்டமி' என்ற தடித்த புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். 1858இல் வெளிவந்த அதன் முதல் பதிப்புக்குப் படம் வரைந்தவர் இந்தக் கார்ட்டர்தான். அதே வருஷம் இந்தியாவுக்கு வேலைக்கு வந்தார். ஓவியர் கண் அல்லவா, சீழோடு உதிரும் குருணைகளைக் கூர்ந்து பார்த்தார். சிலருக்குக் கறுப்பு, வெடிமருந்துத் தூள் போல. சிலருக்கு வெளுப்பு, ரவை போல. அபூர்வமாகச் சிவப்பு. குருணையை நுண்ணோக்கியில் வைத்தபோது உள்ளே நூல் நூலாக இழைகள் தெரிந்தன. இது பூஞ்சை என்று 1860இல் அறிவித்து, 'மைசெட்டோமா' என்று பெயரிட்டார். பூஞ்சைக் கட்டி என்று பொருள். 1874இல் இதற்கென்றே தனிப் புத்தகமும் போட்டார்.

அவர் சொன்னது பாதி சரி, பாதி தவறு. அந்தப் பாதித் தவறு தெளிவாக ஐம்பது வருஷம் ஆயிற்று.

இங்கே கொஞ்சம் நின்று, பூஞ்சை என்றால் என்ன, பாக்டீரியா என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன். ஒரு தாள் தவறான கோப்பில் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பென்ஷன் மனு நிலவரிக் கோப்பில் சேர்ந்தால் மனுதாரர் செத்த பிறகுதான் ஆர்டர் வரும். நுண்ணுயிர்களின் கதையும் அப்படித்தான்.

உயிர்களையெல்லாம் வகைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பலவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல், 1767இல் 'கேயாஸ்', அதாவது குழப்பம் என்ற பெயரில் புழுக்களோடு சேர்த்து வைத்தார். எங்கள் ஆபீஸில் இதற்கு 'இதர இனங்கள்' என்று ஒரு கோப்பு உண்டு. பிறகு 1857இல் நேகெலி என்ற தாவரவியல் அறிஞர் பாக்டீரியாக்களுக்கு 'பிளவுப் பூஞ்சைகள்' என்று பெயர் வைத்தார். இரண்டாகப் பிளந்து பெருகுவதால் அந்தப் பெயர். ஆக, கார்ட்டர் காலத்தில் பாக்டீரியாவும் ஒருவகைப் பூஞ்சைதான். பெர்டினாண்ட் கோன் 1872இல் அவற்றை உருவத்தைப் பார்த்துப் பிரித்தார். உருண்டை, கோல், சுருள் என்று இன்றும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது அந்த வழிதான். 1878இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் செதியோ, 'மிக்ரோப்' என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல்லை உண்டாக்கினார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு சொல்லிலேயே வேலை முடிந்துவிடும். அதுபோல் 'ஷாம்பிஞ்ஞோன்' என்றால் சாப்பிடும் காளானும் அதுதான், ரொட்டியில் பூக்கும் பூசணமும் அதுதான்.

உண்மையான வித்தியாசம் உள்ளே இருக்கிறது. பூஞ்சையின் உயிரணுவில் நம்முடையதைப் போலவே ஒரு கரு, அதைச் சுற்றி ஓர் உறை உண்டு. பாக்டீரியாவில் அப்படித் தனி அறை கிடையாது. மரபுப்பொருள் சும்மா உள்ளே கிடக்கும். இந்த இரண்டு வகைக்கும் 1925இல் 'யூகாரியோத்', 'ப்ரோகாரியோத்' என்று பெயர் கொடுத்தவர் எதுவார் ஷாத்தோன் என்ற பிரெஞ்சு உயிரியலாளர். அந்தப் பெயர்கள் உலகம் முழுக்கப் பரவியதோ 1962க்குப் பிறகுதான். பூஞ்சைகளைத் தாவரங்களிலிருந்து பிரித்துத் தனி ராச்சியமாக வைத்த விட்டேக்கரின் ஐந்து ராச்சியப் பிரிவு 1969இல் வந்தது. நானெல்லாம் பள்ளியில் படித்தபோது காளானும் தாவரம்தான்.

இரண்டாவது வித்தியாசம் சுவர். பூஞ்சையின் சுவரில் இருப்பது கைட்டின். நம் காரைக்கால் மீன்கடையில் உரித்துப் போடும் இறால் ஓடும் நண்டு ஓடும் இருக்கின்றனவே, அதே பொருள். பாக்டீரியாவின் சுவர் வேறு சரக்கு. பென்சிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல்தான் பாக்டீரியாவைக் கொல்கிறது. பூஞ்சையில் அந்தச் சுவரே இல்லை என்பதால் பென்சிலினை எவ்வளவு போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பூஞ்சை மருந்துகள் பெரும்பாலும் அதன் தோல்சவ்வில் உள்ள எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பைக் குறிவைப்பவை. நம் உடம்பில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்டிரால். இன்னொரு விஷயம், பூஞ்சைகள் செடிகொடிகளைவிட நம் போன்ற விலங்குகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். சொந்தக்காரனை அடிக்கும்போது நமக்கும் கொஞ்சம் படும் அல்லவா? பூஞ்சை மருந்துகளில் பக்கவிளைவு பார்த்துக் கொடுக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

நமக்குப் பழக்கமான நோய்களை இந்த இரண்டு கோப்பிலும் போட்டுப் பார்க்கலாம். படர்தாமரை, தேமல், நாற்று நடும் பெண்களின் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண், இவை பெரும்பாலும் பூஞ்சை. காலரா, டைபாய்டு, காசநோய், தொழுநோய், மழைக்காலத்தில் வயல் தண்ணீரில் தொற்றும் எலிக்காய்ச்சல், இவை பாக்டீரியா. ஆனைக்கால் இரண்டும் இல்லை. கொசு கொண்டுவரும் புழு அது.

சில உயிர்கள் இரண்டு கோப்புக்கும் நடுவில் நின்று ஆளை ஏமாற்றும். ஆக்டினோமைசீட் என்று ஒரு கூட்டம். உள்ளே பார்த்தால் பாக்டீரியா. வெளியே பார்த்தால் பூஞ்சை மாதிரி இழை விட்டுக் கிளைத்துப் படரும். மண்ணில் வாழும். முதல் மழை பெய்தவுடன் தரையிலிருந்து ஒரு வாசனை எழும்புமே, அது இந்தக் கூட்டத்தின் வேலைதான். 'கதிர்ப் பூஞ்சை' என்ற அர்த்தத்தில் பெயரும் வைத்துவிட்டார்கள். அடையாளம் ஒன்றுதான். பூஞ்சை இழை சாதாரணமாக இரண்டு முதல் ஐந்து மைக்ரான் பருமன் இருக்கும். இதன் இழை ஒரு மைக்ரானுக்குள்தான். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மதுரைப் பாதத்தின் முடிச்சு இங்கேதான் இருந்தது. அதை அவிழ்த்ததில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1894இல் அல்ஜீரியாவில் ராணுவ மருத்துவர் ஹியாசின்த் வேன்சான், வெளுப்புக் குருணை உள்ள ஒரு பாதத்திலிருந்து கிருமியைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அது இந்த இழைவிடும் பாக்டீரியாக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு மதுரையின் பெயரையே சூட்டினார். இன்றைக்கு அதன் பெயர் 'ஆக்டினோமதுரா மதுரே'. ஒரே பெயரில் இரண்டு மதுரை! கறுப்புக் குருணையின் கதை வேறு. ஜிபூத்தியில் ஒரு நோயாளியிடம் கிடைத்ததை 1902இல் லவெரான் ஆராய்ந்து பெயர் வைத்தார். மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்து 1907இல் நோபல் பரிசு வாங்கிய அதே லவெரான். அதையும் முதலில் வேன்சானின் கிருமி இருந்த கோப்பிலேயே சேர்த்தார். 1905இல் எமில் பிரும்ப்ட் அதை மாற்றி, 'மதுரெல்லா' என்ற புதிய பூஞ்சை இனமாக வைத்தார். சிவப்புக் குருணைக் கிருமி செனகலில் கிடைத்தபோது, லவெரான் அதை உருண்டை பாக்டீரியா என்று எழுதிவிட்டார். அதுவும் இழைக் கூட்டம்தான் என்பது பிறகு தெரிந்தது. நோபல் பரிசுக்காரருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை.

1913இல் பினுவா என்ற பிரெஞ்சு அறிஞர் கணக்கைச் சரிசெய்தார். மதுரைப் பாதம் ஒரு நோய் அல்ல, இரண்டு. ஒன்றைச் செய்வது உண்மையான பூஞ்சை. மற்றதைச் செய்வது இழை பாக்டீரியா. வெளியே பார்த்தால் கட்டி, வாய்கள், குருணை எல்லாம் ஒரே மாதிரி. உள்ளே ஆசாமிகள் வேறு.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். முப்பதுகள் வரை ஒன்றும் இல்லை, எது வந்தாலும் கத்திதான். சல்ஃபா மருந்துகளும் பின்னர் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. பாக்டீரியா வகை என்றால் மருந்திலேயே பெரும்பாலும் குணமாக்கலாம், காலை எடுக்க வேண்டியதில்லை. பூஞ்சை வகைக்கு இந்த மருந்துகள் பயன்படாது. அதற்குப் பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில், சமயத்தில் வருஷக்கணக்கில் கொடுத்து, கட்டியையும் வெட்டி எடுக்க வேண்டும். அப்படியும் திரும்பி வரலாம். காலில் கத்தி வைப்பதற்கு முன் குருணையை எடுத்து எந்தக் கோப்பு என்று பார்த்துவிட வேண்டும்.

இப்போது தொண்ணூறுகளுக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் இரவுக் காவலாளி ஒருவர் இருந்தார். பகலில் வயல் வேலை. ஒருநாள் அவர் காலைத் துணியால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவிழ்க்கச் சொன்னேன். பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மாமாவின் கால் அப்படியே. ஓர் இடத்தில் காலை எடுத்துவிடச் சொல்லித் தேதியும் கொடுத்திருந்தார்கள். "என்ன சார் செய்யறது, பொண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும்னு பாக்கறேன்" என்றார்.

வேறோர் ஊரில் தோல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த எங்கள் உறவுக்காரப் பையனிடம் அவரை அழைத்துப்போனேன். அவன் முதலில் கேட்ட கேள்வி, "குருணை என்ன நிறம்?" வெளுப்பு. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்றான். கறுப்பு என்றால் பூஞ்சை, சிவப்பு என்றால் பாக்டீரியா, வெளுப்பு என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பாதத்தில் சதை எடுத்து அவன் துறையில் பார்த்தார்கள். மெல்லிய இழை. பாக்டீரியா.

மாத்திரையும் ஊசியும் ஆரம்பித்தார்கள். கோ-டிரைமாக்சசோல் மாத்திரை, அமிக்காசின் ஊசி. ஊசி காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்று அடிக்கடி சோதனை செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அமிக்காசினுக்கு மூலமான கனமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாமே மண்ணில் உள்ள அதே இழை பாக்டீரியாக் கூட்டத்திலிருந்து எடுத்தவை. நோய் கொடுத்தவனின் பங்காளியே மருந்தும் கொடுக்கிறான். பல மாதம் ஆயிற்று. வாய்கள் ஒவ்வொன்றாக மூடின, வீக்கம் வற்றியது. மகள் கல்யாணத்தில் அவர் இரண்டு காலாலும் நின்று பந்தி விசாரித்தார். நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் அம்மா சொன்ன 'ரவை' எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. மாமாவின் குருணையும் வெளுப்பு. வெளுப்பு இரண்டாகவும் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் நாட்டில் பாக்டீரியா வகையே அதிகம் காணப்படுகிறது. அறுபதுகளில் சல்ஃபா மருந்து இருந்தது, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி இருந்தது. ஒருவர் அந்தக் குருணையை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல இப்போது வழியில்லை. காலோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். காலை எடுத்த டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் மாமாவின் உயிரைக் காப்பாற்றினார். பெயர் தெரியாமலே போயிற்றே என்ற ஆற்றாமைதான்.

மதுரைப் பாதத்தை உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கில் எழுதி 174 வருஷம் கழித்து! சூடானில் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தில் 1991 முதல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. இது வெறுங்காலோடு நடக்கும் ஏழையின் நோய். பணக்காரனுக்கு வந்திருந்தால் எப்போதோ மருந்து மலிந்திருக்கும்.

இதைப் படிக்கும் நண்பர்களில் பலருக்கு என் வயது இருக்கும். பலருக்குச் சர்க்கரையும் இருக்கும், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். உங்களுக்கு நான் சொல்வது மூன்று. முள்ளோ சிராயோ குத்தினால் முழுதாக எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வலிக்காத கட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். எந்தப் புண்ணாக இருந்தாலும், படர்தாமரையாகவே இருந்தாலும், மருந்துக் கடையில் கேட்டு எதையாவது வாங்கித் தடவாதீர்கள். பாக்டீரியா மருந்து பூஞ்சைக்குக் கேட்காது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிவிட்டுப் படர்தாமரையை இன்னும் பரப்பிவிடும்.

கடைசியாக, செருப்பு. மாமா கால் போன பிறகுதான் முதல்முதலாகச் செருப்பு வாங்கினார். கடையில் ஒற்றையாகத் தரமாட்டார்கள், ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். இடதுகால் செருப்புகளை அத்தை தூக்கிப் போடவில்லை, பரணில் வைத்திருந்தார். மாமா போன பிறகு வீட்டை ஒழித்தபோது எடுத்தோம். ஏழு இருந்தன.